நான்கு பஞ்சுக்குச்சிகள்

தேநீருக்குச் சீனி கூடிவிட்டது. சொல்லலாமா என்று யோசித்தேன். விசாரணைக்குக் கூப்பிட்ட இடத்தில் சீனிக்குக் குறை சொல்வது அழகில்லை என்று விட்டுவிட்டேன். நான் எப்போதும் இப்படித்தான், ஐயா. மனதுக்குள் ஒரு முழுப் பக்கம் ஓடி முடிந்திருக்கும். வெளியே ஒரு சொல் வந்திருக்காது. அதனால் நீங்கள் தாளும் பேனாவும் தந்தது எனக்கு உதவியாகப் போயிற்று.

"நடந்ததை நடந்தபடி எழுதித் தாங்கோ, மிஸ். அவசரமில்லை" என்றீர்கள். அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு வெள்ளை உறையை மேசையில் என் பக்கமாகத் தள்ளி வைத்தீர்கள். அதற்குள் நான்கு பஞ்சுக்குச்சிகள் இருக்கும். உறையைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

என் பெயர் உதயகலா நாகலிங்கம். வயது ஐம்பது. உடுவிலில் இருக்கிறேன். யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. பதினொரு வருடமாகப் பி.சி.ஆர். மெஷின் என் பொறுப்பு. டெங்கு, காசநோய், ஈரல் அழற்சி, பிறகு கொரோனா எல்லாம் என் கையால் போனவைதான். படிவங்களில் "திருமணமாகாதவர்" என்ற கட்டத்தில் நான் போடும் புள்ளடி மிகவும் நேராக இருக்கும் என்று ஒருமுறை ஒரு கிளாக்கர் பாராட்டினார்.

மெஷினைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். அது சோறு வேகவைக்கும் ரைஸ் குக்கர் அளவுதான். ஒரு துளிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு மரபணு இருக்கும். மெஷின் அதைச் சூடாக்கும். இரண்டு இழைகளும் பிரியும். ஆறவிடும், நாங்கள் போட்ட பிரைமர் என்ற சின்னஞ்சிறு துண்டு தனக்குரிய இடத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். மறுபடி கொஞ்சம் சூடேறும். ஒட்டிய இடத்திலிருந்து பிரதி வளரும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். முப்பது சுற்று முடியும்போது நூறு கோடிக்கு மேல். மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது. எங்கே தொடங்கு என்று பிரைமர் சொல்கிறதோ அங்கே தொடங்கும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். முழுக்கதையையும் சொல்லத் தேவையில்லை, தொடக்கத்தைக் கொடுத்தால் போதும் என்பேன்.

எனக்கு ஒரே ஒரு தங்கை, ஜெயனி. என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளுக்கு 2007 மாசியில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. தாரிகா. பிள்ளைக்கு இரண்டு வயதாகும் முன்பே தகப்பன் சுரேஸ் இல்லாமற்போனார். 2011இல் ஜெயனி கனடாவுக்குப் போனாள். "ரெண்டு வருசம், அக்கா. பிறகு பிள்ளையைக் கூப்பிட்டிடுவன்" என்றாள். இரண்டு வருடம் பதின்மூன்று வருடமாயிற்று. அது அவள் பிழை என்று நான் சொல்லவில்லை. அகதி வழக்கு, மேன்முறையீடு, மறுபடி வழக்கு. ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் தொலைபேசியில் வருவாள். தாரிகாவுக்கென்று அங்கே ஓர் அறை ஒதுக்கி, கட்டில் போட்டு, மெத்தைக்கு விரிப்பு விரித்துப் படம் அனுப்பியிருந்தாள். கட்டிலின் நீளம் பிள்ளைக்குக் காணாது என்று நான் நினைத்தேன். அவள் பிள்ளையை நாலு வயதிலேயே வைத்து அளந்திருந்தாள்.

பெரியம்மா என்றுதான் தாரிகா என்னைக் கூப்பிடுவாள். சரியான முறைதான். அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

சென்ற வருடம் தை மாதம் விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பிறப்பை யுத்தம் முடிந்த பிறகு, காலங்கடந்துதான் பதிந்தோம். அதனால் தாயும் பிள்ளையும்தானா என்று மரபணுச் சோதனை செய்து காட்ட வேண்டும் என்றிருந்தார்கள். இது நம் ஊரில் புதிதல்ல. வெளிநாட்டு ஆய்வுகூடம் தாயிடம் அங்கே மாதிரி எடுக்கும். பிள்ளையின் மாதிரியை இங்கே நாங்கள் எடுத்து அனுப்புவோம். கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் உரஞ்சி எடுத்தால் போதும். சில உயிர்க்கலங்கள் வந்தாலே மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

கடிதம் வந்த அன்றே தாரிகா பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டாள். தாய் அனுப்பிய தடித்த நீலக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். மத்தியான வெயிலில் அவள் நெற்றியெல்லாம் வியர்வை. அப்போது என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"பெரியம்மா, உங்களுக்கு அங்கையிருந்து என்ன அனுப்ப? முழங்காலுக்குப் பூசுற களிம்பு அங்கை நல்லதாம்."

அன்போடுதான் கேட்டாள். அதில் சந்தேகமில்லை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பதின்மூன்று வருடம் அவளுக்குத் தலை வாரியிருக்கிறேன், காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன், பள்ளிக்கூட வாசலில் குடையோடு நின்றிருக்கிறேன். இனி நான் பார்சல் வரும் ஆட்களில் ஒருத்தி. களிம்பு வரும். நத்தார்ப் பண்டிகைக்குச் சொக்கிலேற் வரும். நான் படம் எடுத்து, "கிடைச்சது பிள்ளை" என்று அனுப்ப வேண்டும். இவ்வளவும் அந்த அரிசித் தண்ணீர் தெளிவதற்குள் எனக்குத் தோன்றியது. "ஒண்டும் வேண்டாம், பிள்ளை" என்று சொன்னேன்.

சோதனை நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ஊழியரின் உறவுக்காரருக்கு வேறொருவர்தான் மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. விதிப்படி கோபிசங்கர் எடுத்தார். என்னோடு ஆறு வருடம் வேலை செய்தவர், கவனமானவர். அடையாள அட்டையைப் பார்த்தார், படம் எடுத்தார், பெருவிரல் அடையாளம் எடுத்தார், கன்னத்துக்கு இரண்டாக நான்கு குச்சிகள் எடுத்தார். "வாயை நல்லாத் திறவுங்கோ தங்கச்சி, கனடாக்காரர் எட்டிப் பாக்கோணும்" என்று பகிடி விட்டார். தாரிகா சிரித்ததில் ஒரு குச்சியை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

ஈரக் குச்சிகளை அப்படியே உறைக்குள் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு மணித்தியாலம் காற்றில் காயவிட்டுத்தான் உறையிலிட்டு முத்திரை வைப்போம். கோபிசங்கர் அவற்றைத் தாங்கியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். வெள்ளிக்கிழமை அவருக்கு மரக்கறிச் சாப்பாடு. அந்தக் கடை கொஞ்சம் தூரம்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் அந்த நான்கையும் எடுத்துவிட்டு வேறு நான்கை அதே தாங்கியில் அதே வரிசையில் வைத்தேன். யாருடையவை என்பதைப் பிறகு எழுதுகிறேன். கையுறை போட்டிருந்தேன். எடுத்தவற்றை முறைப்படி மருத்துவக் கழிவுப் பெட்டியில்தான் போட்டேன். வேலையில் நான் ஒழுங்கு. அதை எங்கள் பொறுப்பதிகாரியிடமும் கேட்டுப் பாருங்கள்.

சித்திரையில் பதில் வந்தது. மாதிரி கொடுத்த பெண் ஜெயனியின் பிள்ளை அல்ல. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

நான் விரும்பியது அவ்வளவுதான். பிள்ளை போகாமல் இருந்தால் போதும். கொஞ்ச நாள் அழுவாள், பிறகு இங்கே பல்கலைக்கழகம் போவாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் நடந்தவற்றில் என் பங்கு மிகச் சிறிது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கடிதம் வந்த மறுநாள் பக்கத்து வீட்டு அருமைநாயகி அக்கா படலையடியில் நின்று கேட்டார்.

"என்ன உதயம், பிள்ளையின்ரை கனடா அலுவல் சரிவந்திட்டுதோ?"

"இல்லையக்கா. மரபணு பொருந்தேல்லையாம்."

"அதென்ன கோதாரி? சாதகம் பாத்தவங்களோ?"

"இல்லை. ஜெயனியின்ரை பிள்ளை இல்லையாம்."

அவர் படலையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஆற்றை பிள்ளை?"

நான் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தேன். "ஆர் என்ன சொன்னாலும் நான் அவளை ஒருத்தருக்கும் குடுக்கன், அக்கா" என்றேன்.

ஒரு வசனம்தான். நீங்கள் எந்த நீதிமன்றத்திலும் கேட்டுப் பாருங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பிரைமரும் அவ்வளவு நீளம்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமைப் பூசையில் அது சூடாயிற்று. பின்னேரத் தேநீரோடு ஆறிப் பொருந்திற்று. வாட்சப்பில் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவில் இருந்தது. 2006 நடுவிலிருந்து நான் கொழும்பில் எட்டு மாதம் பயிற்சியில் இருந்தது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. தரைப்பாதை மூடியிருந்ததால் நான் கப்பலில் திரும்பிய இரண்டு கிழமையில்தானே அந்த வீட்டில் பிள்ளை அழுதது என்று கணக்குப் பார்த்தார்கள். பிரதி எடுக்கும்போது பிழைகள் விழும். நல்ல சரக்குப் பாவித்தால் குறைவு. ஊரின் சரக்கு அவ்வளவு திறம் அல்ல. ஆறாம் சுற்றில் எனக்கு ஒரு கொழும்பு டொக்டர் கிடைத்தார். எட்டாம் சுற்றில் அவருக்கு ஒரு மனைவி இருந்தாள்.

ஜெயனி பிள்ளைத்தாச்சியாக இருந்ததை ஊரே பார்த்திருந்தது. அருமைநாயகி அக்கா அவளுக்குப் புளிமாங்காய் கொண்டுவந்து கொடுத்தவர். இப்போது அவருக்கு அது தலையணை என்று நினைவு வந்துவிட்டது. "எனக்கு அப்பவே தெரியும். நடக்கேக்கை வயிறு ஒரு பக்கம் சரிஞ்சு கிடந்தது" என்று கிணற்றடியில் சொன்னாராம்.

ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இது பெரிய அவமானம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். கோயில் வீதியில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். முன்பு அவர்கள் என்னைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கலியாண வீடுகளில் என்னைக் கடைசி வரிசையில் இருத்தியவர்கள், ஆசீர்வாதத்துக்குக் கூப்பிடாதவர்கள், இப்போது என் இடுப்பை உற்றுப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை அங்கே இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாக யாரோ நம்பினார்கள். நான் முதுகை நிமிர்த்தி நடந்தேன். மறுக்கவில்லை. மறுக்கச் சொல்லி யாரும் என்னிடம் நேரே கேட்கவும் இல்லை, ஒருத்தியைத் தவிர.

தாரிகா ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் பின்னேரம் வந்து குசினி வாசலில் நின்றாள்.

"நீங்கள்தானாம். ஊரெல்லாம் சொல்லுது."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்கோ. ஓமோ இல்லையோ?"

"நான் உன்னை விட்டிட்டு ஒரு இடமும் போகேல்லைத்தானே" என்றேன்.

அவள் வந்து நிலத்தில் குந்தியிருந்து மிச்ச வெங்காயத்தை உரித்தாள். உரித்து முடித்ததும், "இதை எங்கை வைக்க, அம்மா?" என்றாள்.

ஓம் என்று நான் சொல்லவில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும், ஐயா.

அதன் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியை எடுக்கவில்லை. தன்னை மகள் என்று பதின்மூன்று வருடம் ஏமாற்றியவளோடு என்ன கதை என்றாள். பெட்டியைக் கவிழ்த்துச் சாமான்களை அலுமாரியில் வைத்தாள். நீலக் குளிர்ச்சட்டையைக் கொண்டுபோய்ப் பின்வளவு வெங்காயத் தோட்டத்தில் நின்ற வெருளிக்குப் போட்டுவிட்டாள். அந்த வருடம் காகம் வரவில்லை.

ஆவணியில் ஜெயனி வந்தாள். முன்னறிவிப்பு இல்லை; வாசலில் வான் நின்றது, இறங்கினாள். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு வருகிற தாய். தாரிகா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெயனி கதவில் கையை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைத்தாள். உள்ளே பாட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டாள் பிள்ளை. நான் ஜெயனிக்குத் தேநீர் போட்டேன். வந்தவர்களுக்குக் கொடுக்கும் கரை போட்ட கோப்பையில் கொடுத்தேன். அவள் அதன் கரையைப் பார்த்தாள். யன்னலால் பார்த்தபோது தோட்டத்து வெருளியையும் கண்டிருப்பாள். சட்டையின் நிறம் தூரத்துக்கும் தெரியும்.

"அக்கா, நீ பக்கத்திலை நிண்டனி" என்றாள். "அவள் பிறக்கேக்கை நீதானே என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனி. நீ சொல்லன் அவளுக்கு. உன்ரை சொல்லை அவள் கேப்பாள்."

நின்றேன். அவளுடைய நகம் பதிந்த அடையாளம் என் மணிக்கட்டில் ஒரு கிழமை இருந்தது. மருத்துவிச்சி பிள்ளையைத் துடைத்து முதலில் என் கையில்தான் தந்தாள். ஜெயனி மயக்கத்தில் இருந்தாள். அரை மணித்தியாலம் பிள்ளை என்னிடம் இருந்தது. அப்போது அதற்கு வேறு யாரையும் தெரியாது.

"மெஷின் பொய் சொல்லாது, ஜெயனி" என்றேன்.

அது உண்மை. மெஷின் பொய் சொல்லவில்லை.

அவள் தேநீரைக் கீழே வைத்தாள். ஆறிப்போயிருந்தது. பிறகு நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வியைக் கேட்டாள். "அப்ப என்ரை பிள்ளை எங்கை, அக்கா?"

நான் நிறுத்தியிருக்கக் கூடிய இடம் அதுதான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுபவளுக்கு ஏதாவது பிடிமானம் கொடுக்க வேண்டும் என்று தோன்றிற்று. "அண்டைக்கு அந்த ஆசுப்பத்திரி வாட்டிலை ஏழு பிள்ளையள் பிறந்தது" என்றேன். அதுவும் உண்மை.

அடுத்த மூன்று கிழமை அவளை என் ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு திரிந்தேன். விடுமுறை எடுத்துக்கொண்டுதான் போனேன். தங்கைக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது. அந்த மருத்துவிச்சியின் மகளிடம் ஒரு பழைய கொப்பி இருந்தது. அதிலிருந்து விலாசங்கள் எடுத்தோம். பாதிப் பேர் ஊரில் இல்லை. பண்டத்தரிப்பில் ஒரு தாய் விடயத்தைக் கேட்டு முடிக்கும் முன்பே விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். "என்ரை பிள்ளையைக் கேட்டு வந்தியளோ? நடவுங்கோ அங்காலை" என்று படலை வரை துரத்தினாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

சண்டிலிப்பாயில் சீவரத்தினம் என்ற புகையிலைக்காரர் வீடு. அவர் மனைவி மகாதேவி. ஒரே மகள் தர்சிகா. தாரிகா பிறந்த அதே நாள். ஜெயனி தயங்கித் தயங்கி விடயத்தைச் சொன்னாள். சீவரத்தினத்தின் முகம் கறுத்தது. எழும்பியே விட்டார்.

"நீங்கள் எங்கையிருந்து வாறியள்?" என்றார்.

"கனடாவிலையிருந்து" என்றாள் ஜெயனி.

அவர் மறுபடி கதிரையில் இருந்தார். மகாதேவி உள்ளே போய்ச் சோடா உடைத்துக்கொண்டு வந்தார். மகளைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் நிறுத்தினார்கள்.

"வடிவாப் பாருங்கோ, தங்கச்சி. மூக்கு உங்கடைதான்" என்றார் சீவரத்தினம்.

"எனக்கெண்டால் பிறந்த அண்டைக்கே ஒரு ஐமிச்சம்" என்றார் மகாதேவி.

"அம்மா, நான் உங்களை உரிச்சுப் படைச்சிருக்கிறன் எண்டு போன கிழமைதானே சொன்னனியள்" என்றாள் பெண்.

"சும்மா இரடி. பெத்தவளுக்கு முன்னாலை எதிர்த்துக் கதைக்கிறாய்" என்று மகாதேவி ஜெயனியைக் காட்டினார்.

நான் சோடாவைக் குடித்தேன். ஜெயனி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்தவள் இன்னொருவரின் சோற்றைப் பார்ப்பதுபோல இருந்தது. தாரிகா அப்போது வீட்டில் எனக்காகச் சோறு போட்டு மூடி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தர்சிகாவுக்குச் சோதனை செய்தார்கள். கோபிசங்கர்தான் எடுத்தார், நான் ஒன்றையும் தொடவில்லை. பொருந்தவில்லை என்று பதில் வந்தது. சீவரத்தினம் அதை நம்பவில்லை. மெஷின் பிழை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

ஜெயனி திரும்பிப் போய் அந்த வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறாள். முதல் மாதிரியை இன்னொருமுறை பாருங்கள், அந்தப் பெண் எனக்கு ஏதாவது வகையில் உறவா என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறாள். அதுவரை அவர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதியிருந்தார்கள். தாயா, இல்லையா என்பதுதான் கேள்வி. இந்த வருடம் பங்குனியில் புதுக் கேள்விக்குப் பதில் வந்தது. முதல் மாதிரி கொடுத்தவர் ஜெயனியின் கூடப்பிறந்த சகோதரியாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம்.

ஜெயனிக்கு இருப்பது ஒரே ஒரு சகோதரி.

இனி அந்த நான்கு குச்சிகள். அவை என்னுடையவை. அன்று காலை தேநீர் குடித்திருந்தேன்; அதனால் முதலில் வாயைக் கொப்பளித்து, அரை மணித்தியாலம் காத்திருந்து, பிறகுதான் எடுத்தேன். அரைகுறையாக எடுத்துச் சோதனை பிழைத்துப்போனால் பிள்ளையை மறுபடி கூப்பிடுவார்கள்.

என்னைப் போல இவ்வளவு தெரிந்த ஒருத்தி ஏன் தன்னுடையதை வைத்தாள் என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். அன்று ஆய்வுகூடத்தில் நாற்பது பேரின் மாதிரிகள் இருந்தன. அதில் எந்தப் பெண்ணின் மாதிரியை வைத்திருந்தாலும் பொருந்தாது என்றுதான் வந்திருக்கும். இந்த உலகத்தில் யாரும் என்னைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நானும் யோசித்தேன். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த பெயரையும் ஊரையும் வாசித்தேன். எந்த ஊர், எந்தப் பகுதி, என்ன ஆட்கள் என்று தெரியாதவர்களின் எச்சில். நான் அப்படியெல்லாம் பார்ப்பவள் அல்ல. என்னோடு வேலை செய்பவர்கள் சொல்வார்கள். ஆனால் நம் வீட்டுப் பிள்ளையின் பெயர் எழுதிய உறைக்குள் யாரோ ஒருவருடையதைப் போட எனக்குக் கை வரவில்லை. பிள்ளையின் பெயரை நாளைக்கு யார் எந்தக் குடும்பத்தோடு சேர்த்துப் பேசுவார்களோ. நம்முடையது என்றால் நம்முடையதாகவே இருக்கும்.

கோபிசங்கர் மேல் ஒரு பிழையும் இல்லை, மரக்கறிக் கடைக்குப் போனதைத் தவிர. பங்குனியில் இந்தப் பிரச்சினை வந்தபோது, அவர் கவனக்குறைவானவர் என்று எழுதி நான் கையெழுத்து வைத்தேன். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவருடைய மனைவிக்குப் போன மாதம் குழந்தை பிறந்தது, சட்டைத்துணி அனுப்பினேன். அந்த அறிக்கையை இப்போது மீளப் பெற்றுக்கொள்கிறேன்.

தாரிகா என்னோடு இல்லை. ஜெயனி மறுபடி வந்து, பங்குனிக் கடிதத்தைக் கையில் கொடுத்த அன்றே பிள்ளை போய்விட்டாள். இருவரும் இங்கே பக்கத்தில் ஒரு வாடகை அறையில் இருக்கிறார்கள். போகும்போது தாரிகா தோட்டத்துக்குப் போய் வெருளியிலிருந்த சட்டையை உருவி எடுத்துக் கிணற்றடியில் தோய்த்து, ஈரத்தோடு கொண்டுபோனாள். இப்போது காகம் வருகிறது.

இனி உறை. நீங்கள் விளக்கியது எனக்கு நன்றாக விளங்கியது. தாரிகாவிடம் புதிதாக எடுத்த மாதிரி ஜெயனியோடு பொருந்தியிருக்கிறது. ஆனால் ஒரே பெயரில் இரண்டு மாதிரிகள், இரண்டு விடைகள். இரண்டாவதுதான் ஆள்மாறாட்டமோ என்று விசா அலுவலகம் கேட்கிறது. முதலாவது என்னுடையது என்று என் கன்னத்திலிருந்து எடுத்துக் காட்டினால்தான் நம்புவார்கள். வாக்குமூலத்தை யாரும் எழுதலாம் என்கிறார்கள். மேன்முறையீட்டுக்கு வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் போகாவிட்டால் விண்ணப்பக் கோவையை மூடிவிடுவார்கள்.

நான் முழுவதையும் எழுதிவிட்டேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. சிறைக்குப் போகச் சொன்னால் போகிறேன். ஆனால் அந்த உறை போனால் எங்கள் மூவரின் பெயரும் ஒரே அட்டவணையில் வரும். ஜெயனி, தாய். தாரிகா, பிள்ளை. எனக்கு நேரே ஒரு சொல் இருக்கும், அதையும் அச்சடிப்பார்கள். இதுவரை எந்த மெஷினும் என்னைத் தாய் அல்ல என்று சொன்னதில்லை.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் எழுந்து போய்க் கதவைத் திறந்தீர்கள். தாரிகா வந்தாள். மெலிந்துவிட்டாள். தலையைச் சரியாக வாரவில்லை, வகிடு கோணியிருக்கிறது. நீங்கள் அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னீர்கள். வேறு ஏதாவது அலுவலாக இருக்கும். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டே மேசைக்குக் கிட்ட வந்தாள்.

"ஒருக்கா வாயைத் திறவுங்கோ, அம்மா" என்றாள்.

கேட்டீர்கள்தானே, ஐயா. யாரும் சொல்லிக்கொடுக்காமல் சொன்னாள். இவ்வளவு நடந்த பிறகும் பிள்ளைக்கு அந்தச் சொல் தானாக வருகிறது. இதற்கு மேல் எனக்கு என்ன சோதனை வேண்டும்.

பிள்ளை இப்படிக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராது. நானும் சொல்லவில்லை.

"தேத்தண்ணி குடிச்சனான், பிள்ளை" என்றேன். "குடிச்சு அரை மணித்தியாலத்துக்கு எடுக்கக் கூடாது. கோபிசங்கரைக் கேட்டாலும் சொல்லுவார்."

சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தேன். நான் கடைசியாகக் குடித்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. கோப்பையில் ஒரு வாய் மிச்சம் இருந்தது. ஆறி, அடியில் சீனி கரையாமல் கிடந்தது. அதைக் குடித்தேன். இன்னொரு கோப்பை கிடைக்குமா என்று உங்களைக் கேட்டேன். சீனி இப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னேன்.